கோவேறு கழுதைப் பாதையில் ஆதோஸ்



ஆதோஸ் மலைக்குத் தரைவழியாகப் போக முடியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தீவு இல்லை. வட கிரேக்கத்தில் கல்கிதிகி என்னும் நிலப்பகுதி ஏஜியன் கடலுக்குள் மூன்று விரல்களாக நீள்கிறது. கிழக்கோரத்து விரல்தான் ஆதோஸ். நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அகலம் 10 கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. நிலத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் யாத்திரிகர்களுக்கு அந்த எல்லை அடைப்பு. ஊரனூபோலி என்ற கடைசி ஊரில் படகேறி, மடங்களைக் கரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், தாஃப்னி என்ற சின்னத் துறையில் இறங்க வேண்டும். நடக்கப் போகிறவனும் முதலில் படகில்தான் ஏறியாக வேண்டும்.

அந்தக் கடலை நம்பிவிடாதீர்கள். கி.மு. 492இல் பாரசீகத் தளபதி மார்தோனியஸின் கப்பற்படை இந்த முனையைச் சுற்றி வரும்போது புயலில் சிக்கியது. 300 கப்பல்களும் 20,000 பேருக்கு மேலும் அழிந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவர் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் அடுத்த படையெடுப்பில் மன்னன் ஸெர்க்ஸஸ் இந்த முனையைச் சுற்றத் துணியவில்லை; நிலம் ஒடுங்கும் கழுத்துப்பகுதியில் சுமார் 2 கிலோமீட்டருக்குக் கால்வாயே வெட்டிவிட்டான். அது வெறும் கதை என்று சொன்னவர்கள் உண்டு. அண்மைக் காலத்தில் நிலத்தடி ஆய்வு செய்தவர்கள், கால்வாய் இருந்தது உண்மைதான் என்று காட்டினார்கள். இன்றைக்கும் காற்று பலமாக அடித்தால் படகு நின்றுவிடும். அப்போது ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்குப் போக மிஞ்சுவது மலைச்சரிவில் போகும் ஒற்றைப் பாதைதான். இன்று நான் பேச வந்ததும் அந்தப் பாதையைப் பற்றித்தான். ஆதோஸின் ஓவியங்களையும் சுவடிகளையும் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் உள்ளே நுழைவது எப்படி என்று பார்ப்போம். ஆதோஸ், கிரேக்க நாட்டுக்குள்ளேயே தன்னாட்சி பெற்ற துறவியர் பிரதேசம். கிரேக்க அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு அதற்கு உத்தரவாதம் தருகிறது. மொத்தம் 20 மடங்கள். 17 கிரேக்க மடங்கள், ரஷ்யருக்கு ஒன்று, செர்பியருக்கு ஒன்று, பல்கேரியருக்கு ஒன்று. இருபத்தொன்றாவது மடம் கட்ட யாருக்கும் அனுமதி கிடையாது. நிலம் முழுவதும் இந்த இருபதுக்கும் பங்கு. தலைநகர் கரியெஸ், மலையின் நடுவில் இருக்கும் சிற்றூர். அங்கே இருக்கும் ஆட்சிக் குழுவின் முத்திரை நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு நான்கு துறவிகளிடம் இருக்கிறது. நால்வரும் சேர்ந்தால்தான் முத்திரை முழுமையாகும். தனி ஒருவர் கையில் அதிகாரம் சேராமல் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி தெரியவில்லை.

யாத்திரிகனுக்கு தியாமோனிதீரியோன் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சுமார் 100 பேருக்கும், மற்றவர்கள் 10 பேருக்கும் கொடுப்பது வழக்கம். சீட்டு பொதுவாக மூன்று இரவுகளுக்குச் செல்லும். ஒரு மடத்தில் ஓர் இரவுதான். மறுநாள் கிளம்பிவிட வேண்டும். சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் உள்ளே போனபின் தங்குவதற்கோ சாப்பிடுவதற்கோ யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இந்த அரங்கில் பாதிப்பேருக்கு அந்தச் சீட்டு கிடைக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஆதோஸில் கால் வைக்கக் கூடாது. 11ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கும் விதி. 1953இல் கிரேக்க அரசு அதை மீறினால் சிறை என்று சட்டமாகவே ஆக்கியது. பெண்கள் இருக்கும் சுற்றுலாப் படகுகள் கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். 2003இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தத் தடையை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, ஒன்றும் நடக்கவில்லை. துறவிகள் இந்த மலையை அன்னை மரியாளின் தோட்டம் என்கிறார்கள். லாசருவைப் பார்க்க சைப்ரஸுக்குக் கப்பலில் போன மரியாளைப் புயல் இந்தக் கரையில் ஒதுக்கியது என்பது அவர்களுடைய மரபுக் கதை. ஒரு பெண்ணின் தோட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதை எனக்கு அவர்கள் எவ்வளவு விளக்கினாலும் ஒப்பவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

இந்தத் தடை பெண் விலங்குகளுக்கும் உண்டு. எலி பிடிக்கும் பூனைக்கு மட்டும் விலக்கு. இது வேடிக்கைக்காகச் சொல்வதில்லை, பாதையோடு நேரடித் தொடர்புள்ள செய்தி. கிரேக்கத்தின் மற்றக் குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆடு மேய்ந்து மேய்ந்து பாறை தெரியும். பெட்டை ஆடு இல்லாத இடத்தில் மந்தை ஏது? ஆகவே ஆதோஸில் புதர் மண்டுகிறது. கடலோரத்தில் மத்தியதரைக் கடல் பகுதிக்கே உரிய முட்புதர்களும் ஓக் வகைகளும், சிவப்புப் பழம் பழுக்கும் அர்பூட்டஸும். மேலே ஏற ஏற செஸ்ட்நட் காடு. ஐரோப்பாவில் இப்படித் தழைத்த கடலோரக் காடு அபூர்வம். 1988இல் யுனெஸ்கோ ஆதோஸைக் கலாச்சாரம், இயற்கை இரண்டுக்குமாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே காரணத்தால், ஆள் நடக்காத பாதையைக் காடு சில ஆண்டுகளிலேயே விழுங்கிவிடும்.

பாதை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இதற்குக் கல்தெரிமி என்று பெயர். கோவேறு கழுதைக்காகப் போட்ட கல்பாவிய பாதை. சுமை ஏற்றிய இரண்டு விலங்குகள் எதிரெதிரே வந்தால் ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் போகிற அளவு அகலம். கலவை கிடையாது, சிமென்ட் கிடையாது. அந்தச் சரிவிலேயே கிடைத்த கல்லைச் செருகிச் செருகி இறுக்கியிருப்பார்கள். இறக்கத்தில் சில அடிக்கு ஒரு முறை குறுக்கே நீளக்கற்கள் சற்றே மேலெழும்பி நிற்கும். அவை இரண்டு வேலை செய்கின்றன. கழுதையின் குளம்பு வழுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. மழைத்தண்ணீர் பாதையின் நெடுகே ஓடிக் கல்லை அரிக்காதபடி அதைப் பக்கவாட்டில் திருப்பி விடுகின்றன. அந்தக் கற்களின் இடைவெளி நான்கு கால்களுக்கு அளந்து வைத்தது. இரண்டு காலால் இறங்குகிறவனுக்கு முழங்கால் மறுநாள் கணக்குச் சொல்லும். தண்ணீர் கண்ட இடத்தில் கல்தொட்டி, ஒரு சிலுவை, உட்கார ஒரு திண்ணை.

தென்மேற்குக் கரையில் தாஃப்னியிலிருந்து கிளம்பும் வழிதான் நடப்பதற்குச் சிறந்தது என்பது என் தீர்ப்பு. முதல் ஏற்றமே சிமோனோபெத்ராவுக்கு. கடலிலிருந்து 300 மீட்டருக்கு மேல், ஒரு பாறையின் தலையில் ஏழு மாடியாக நிற்கும் மடம். வெளிப்புறம் முழுவதும் மரத் தாழ்வாரங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. தாழ்வாரப் பலகைகளின் இடுக்கு வழியாகக் காலடியில் கடல் தெரியும். இந்த மடம் 1580, 1626, 1891 ஆகிய ஆண்டுகளில் பெருந்தீயில் எரிந்திருக்கிறது. 1990இல் மூண்ட காட்டுத்தீ சுற்றியிருந்த சரிவுகளைக் கருக்கியது.

அங்கிருந்து தெற்கே கிரிகோரியூ, தியோனிசியூ, புனித பவுல் மடம் என்று வரிசையாக வருகின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நடந்தால் தெரியும். மலையிலிருந்து விழும் ஓடைகள் கரையை ஆழமாக அறுத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மடத்திலிருந்தும் தோள்மேட்டுக்கு ஏற வேண்டும், ஓடைப் பள்ளத்துக்கு இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். கடல் எப்போதும் வலது கைப் பக்கம், சிலசமயம் நேர் கீழே. ஆதோஸில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்டால் பயனில்லை, மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். இந்தக் கரையில் ஒரு மடத்துக்கும் அடுத்ததற்கும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். காலையில் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் ஒரு மடம். இளைப்பாறிவிட்டு மாலை வழிபாட்டுக்குள் இன்னொன்று. ஓர் இரவு ஓர் இடம் என்ற விதி ஏன் வந்தது என்பது அப்போது கால்களுக்கே விளங்கும்.

மடத்துக்குள் நுழைந்ததும் தேட வேண்டியது விருந்தினர் அறையை. அதற்குப் பொறுப்பான துறவி ஒரு தட்டோடு வருவார். சின்னக் கோப்பையில் திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சீப்புரோ என்ற சாராயம், பெரிய குவளையில் குளிர்ந்த தண்ணீர், சர்க்கரைப் பொடி தூவிய லுக்கூமி மிட்டாய், அடியில் வண்டல் தங்கிய காபி. கொதிக்கும் வெயிலில் மலையேறி வந்தவனுக்கு இந்த நான்கில் எதைக் குறைத்தாலும் குறையாகத்தான் இருக்கும். முதலில் தண்ணீர், பிறகு சர்க்கரை, அதற்குப் பிறகுதான் நீ யார், எந்த ஊர் என்ற கேள்வி. பெயரைப் பெரிய பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள்.

நேரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பெரும்பாலான மடங்களில் சூரியன் மறையும் நேரம்தான் பன்னிரண்டு மணி. நாள் அங்கிருந்து தொடங்குகிறது. நாள்காட்டியும் ஜூலியன் கணக்கு, நம்முடையதைவிட 13 நாள் பின்னால் ஓடுகிறது. ஆகவே உங்கள் கைக்கடிகாரத்தை நம்பி வேலையில்லை. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சூரியன் மறைந்தால் மடத்தின் கதவு மூடிவிடும். இரும்புத் தகடு அடித்த கனமான கதவு. கடற்கொள்ளையர் காலத்தில் போட்டது. பிந்தி வந்தவனுக்காகத் திறக்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு முற்றத்தில் ஒருவர் நீண்ட பலகையைத் தோளில் ஏந்தி, சுத்தியலால் தட்டிக்கொண்டே கோயிலைச் சுற்றி வருவார். மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் அந்தத் தாளம்தான் எழுப்புமணி. கோயிலுக்குள் எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் மட்டும். உட்காரவும் நிற்கவும் வசதியாக, உயர்ந்த கைப்பிடி வைத்த மர இருக்கைகள் சுவரோரமாக இருக்கும். முதல்நாள் நடந்த கால்கள் கெஞ்சும்போது அந்தக் கைப்பிடியில் அக்குளைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே மணிக்கணக்கில் இருக்கலாம். அந்த இருக்கையைச் செய்தவன் நடக்கிறவனுடைய வலி தெரிந்தவன்தான். பெருவிழா இரவுகளில் வழிபாடு விடிய விடிய நடக்கும். உச்ச நேரத்தில் ஒரு துறவி நீளக் கழியை எடுத்து, நடுவில் தொங்கும் பெரிய விளக்குக் கொத்தை அப்படியே ஊசலாட விடுவார். நூற்றுக்கணக்கான சுடர்கள் ஆட, சுவரில் எழுதிய புனிதர்களின் முகங்கள் வந்து வந்து மறையும். ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்களைச் சில மடங்களில் முன்மண்டபத்தோடு நிறுத்திவிடுவார்கள், சாப்பாடும் தனியாக. அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சாப்பாடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இறைச்சி கிடையாது. திங்கள், புதன், வெள்ளி எண்ணெய்கூட இல்லாத நோன்பு. பருப்பு, ஆலிவ், ரொட்டி, தோட்டத்துக் காய். ஒருவர் புனிதர் வரலாற்றை உரக்கப் படிப்பார், பேச்சு கூடாது. தலைமைத் துறவி மணியடித்தால் கையிலிருக்கும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். நமக்குப் பழகிய பந்தி வேகம் அங்கே நன்றாகவே கைகொடுக்கும்.

புனித பவுல் மடத்தில் ஒரு பேழையைக் காட்டுவார்கள். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம் என்பது நம்பிக்கை. 15ஆம் நூற்றாண்டில் அதைக் கொடுத்தவர் மாரா பிராங்கோவிச் என்ற செர்பிய இளவரசி, துருக்கி சுல்தான் இரண்டாம் முராத்தின் மனைவியாக இருந்தவர். அவரே எடுத்துக்கொண்டு கரையிறங்கி மடத்தை நோக்கி நடந்தாராம். மேலே வராதே என்று ஓர் அசரீரி தடுத்ததாம். பேழையை அங்கேயே துறவிகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார் என்று மடத்து மரபு சொல்கிறது.

அதற்குத் தெற்கே மடங்களின் கட்டுக்கோப்பு தளர்ந்து, சிறு குடில்களின் நாடு தொடங்குகிறது. புனித அன்னாள் குடியிருப்பு சரிவில் அடுக்கடுக்காக ஏறும். அதையும் தாண்டினால் கரூலியா. செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துறவிக் குகைகள். முன்பெல்லாம் கீழே வரும் படகுகளுக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கி, ரொட்டியோ பிஸ்கட்டோ போட்டதை உருளையில் இழுத்துக்கொள்வார்கள். இங்கேயிருந்து ஒரு கிளை 2,033 மீட்டர் உயரமான சிகரத்துக்கும், இன்னொன்று மலையைச் சுற்றிப் பெரிய லாவ்ராவுக்கும் போகிறது. லாவ்ராதான் மூத்த மடம். 963இல் அத்தனாசியோஸ் என்பவர் பேரரசர் நிக்கிபோரஸ் போக்காஸின் ஆதரவோடு கட்டினார். அதற்கு முன்பே இங்கே குகைகளிலிருந்த தனித்துறவிகள், மதிலும் மண்டபமும் கட்டி உலகத்தை உள்ளே கொண்டுவருகிறான் என்று சண்டைக்கே போனார்கள். பேரரசர் யோவான் சிமிஸ்கஸ் 972 வாக்கில் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தார். ஆட்டுத்தோலில் எழுதிய அந்தச் சாசனம் இன்றும் கரியெஸில் இருக்கிறது. வளர்ச்சி வேண்டுமா, தனிமை வேண்டுமா என்ற தகராறு அங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது.

அந்தத் தகராறின் புதிய வடிவம்தான் சாலை. 1963இல் ஆதோஸ் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. கிரேக்க மன்னர் வருகிறார், கான்ஸ்டான்டினோபிள் பேராயர் வருகிறார், அவர்களைக் கழுதையில் ஏற்றுவதா என்று தாஃப்னியிலிருந்து கரியெஸுக்கு முதல் மோட்டார் சாலை போட்டார்கள். விழா முடிந்தது, சாலை முடியவில்லை. செஸ்ட்நட் மரம் மடங்களுக்குப் பெரிய வருமானம். மரம் ஏற்றும் லாரிக்காக அடுத்தடுத்த பத்தாண்டுகளில் புல்டோசர் காட்டுக்குள் போனது. பல இடங்களில் பழைய கல்தெரிமியின் மேலேயே மண்ணை வாரிக் கொட்டினார்கள். இன்று பெரும்பாலான மடங்களுக்குச் சிற்றுந்து போகிறது.

சாலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 7,000க்கு மேல் இருந்த துறவிகள், 1970களின் தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்து, பெரும்பாலும் முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். ஆதோஸ் முடிந்தது என்றே எழுதினார்கள். பிறகு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். சிமோனோபெத்ராவுக்கு 1973இல் மெத்தியோரா மடத்திலிருந்து ஒரு குழுவே குடிபெயர்ந்து வந்தது. இன்று ஏறத்தாழ 2,000 பேர். இத்தனை பேருக்கு அரிசியும் சிமென்டும் மருத்துவமும் கழுதை முதுகில் வந்து சேராது. தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி வர வேண்டும். நெஞ்சுவலிக்காரரைக் கல்தெரிமியில் தூக்கிப் போகச் சொல்வது, வெளியூரிலிருந்து அழகு பார்க்க வருகிறவனுக்கு எளிது.

ஆனால் யாத்திரிகனும் அந்தச் சிற்றுந்தில் ஏறியபோது கணக்கு மாறிவிட்டது. நடந்து வந்த காலத்தில் ஒரு மடத்துக்கு மூன்று பேர், ஐந்து பேர் என்று நாள் முழுக்க விட்டு விட்டு வருவார்கள். வந்தவன் களைத்திருப்பான், அவனுக்குத் தண்ணீரும் இடமும் தேவை, கொடுப்பதில் பொருள் இருக்கிறது. இன்று படகு வந்த கையோடு ஒரே மூச்சில் முப்பது பேர் இறங்குகிறார்கள். களைப்பில்லை, நேரமும் நிறைய மிச்சம். புனிதப் பொருள்களை எப்போது காட்டுவீர்கள், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். விருந்தினர் அறைத் துறவி விடுதி மேலாளராகிவிட்டார். தட்டு அதே தட்டுதான். ஓர் இரவு விதி, இலவசச் சாப்பாடு, சூரியன் மறைந்தால் கதவடைப்பு என்ற ஒழுங்கு முழுவதும் காலால் நடக்கிறவனை வைத்து வகுத்தது. அவனை எடுத்துவிட்டால் விதி மட்டும் மிஞ்சுகிறது, அதன் நியாயம் போய்விடுகிறது.

பழைய யாத்திரிகர்களில் வசீலி பார்ஸ்கி என்ற உக்ரேனியர் எனக்குப் பிடித்தவர். கீவ் நகரத்தவர். 18ஆம் நூற்றாண்டில் இரண்டு முறை ஆதோஸுக்கு வந்து, மடம் மடமாக நடந்து, ஒவ்வொன்றையும் கோட்டோவியமாக வரைந்து வைத்தார். எந்தத் தாழ்வாரம் எந்தப் பக்கம் இருந்தது, எந்தக் கோபுரம் பிறகு எரிந்துபோனது என்று இன்றைய ஆய்வாளர்கள் அவருடைய படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். வழியில் நின்று நின்று பார்த்தவனுடைய கண் அது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 1990இல் பிரிட்டனில் ஆதோஸ் மலை நண்பர்கள் என்ற சங்கம் தொடங்கினார்கள். அதன் தொண்டர்கள், மடங்களின் சம்மதத்தோடு, ஆண்டுதோறும் வந்து பழைய பாதைகளிலிருக்கும் புதரை வெட்டி, விழுந்த மரத்தை அறுத்து, வழிகாட்டிப் பலகை வைக்கிறார்கள். விழுங்கப்பட்ட பல பாதைகள் இப்படி மீண்டிருக்கின்றன. சங்கத்தில் பெண் உறுப்பினர்களும் உண்டு. தாங்கள் ஒருநாளும் நடக்க முடியாத பாதைக்குச் சந்தா கட்டுகிறார்கள்.

இங்கே இருப்பவர்களில் யாராவது போவதாக இருந்தால் சில வார்த்தைகள். ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்களுக்கான பத்துப் பேர் என்ற எல்லைக்குள்தான் நீங்கள் வருவீர்கள். ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பரில் போங்கள்; கோடை வெயில் அந்தக் கல்லில் பட்டுத் திரும்ப அடிக்கும். முழுக்கால்சட்டை, செருப்பாக இல்லாமல் கணுக்காலைப் பிடிக்கும் காலணி, ஒரு கைத்தடி போதும். கடலைப் பார்த்ததும் குளிக்க இறங்காதீர்கள், அங்கே அது தடை. ஒவ்வொரு மடத்துக்கும் முன்கூட்டியே சொல்லிப் படுக்கை கேளுங்கள். போக முடியாமல் போனால் மறக்காமல் சொல்லி ரத்து செய்யுங்கள். இன்னொருவருக்கு அது கிடைக்கும். தாஃப்னியில் இறங்கியதும் சிற்றுந்துக்காரர்கள் கூப்பிடுவார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிமோனோபெத்ரா ஏற்றத்தில் நடக்கத் தொடங்குங்கள். அந்தப் பாதையை வெட்டி வைக்க ஆள் வருவது, நடக்க ஆள் வரும்வரைக்கும்தான்.